அம்மாவோட எம்ஆர்ஐ ரிப்போர்ட் பாத்து பயமா இருக்கு, நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

கரிசல்காட்டுப்பொண்ணு:
அம்மாவுக்கு 67 வயசு. மூணு மாசமா கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குறாங்க, போன வாரம் பால்காரருக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவ காசு குடுத்துட்டாங்க, நல்ல மனுஷன், அவரே திருப்பிக் கொண்டுவந்து தந்தாரு. நியூரோ டாக்டர் ஒரு கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிஷம் காட்ட சொன்னாரு. அம்மா வட்டம் அழகா போட்டு நம்பர் எல்லாம் கரெக்டா எழுதிட்டு, ஒரு முள்ள 10லயும் இன்னொரு முள்ள 11லயும் வச்சிட்டாங்க. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. ரிப்போர்ட்ல ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ், ஃபசேகாஸ் கிரேடு 2ன்னு இருக்கு. பிபி 15 வருஷமா, சுகர் 9 வருஷமா. ஆச்சிக்கும் கடைசி காலத்துல நினைவு தப்பிருச்சு. எனக்கு 41 ஆகுது, மறதி நோய் ரிஸ்க் இருக்கான்னு பாக்குற ஏபிஓஇ ஜீன் டெஸ்ட்னு ஆன்லைன்ல விளம்பரம் வருது, எடுத்துப் பாத்துரவா?

ஸ்கேன்ரூம்காரன்:
ஃபசேகாஸ்ங்கிறது 0ல இருந்து 3 வரைக்கும் போடுற கிரேடு. மூளைக்குள்ள போற முடி மாதிரி ரத்தக்குழாய்ங்க பிபி, சுகரால தடிச்சுப் போயி ரத்தம் சரியா பாயாத எடமெல்லாம் ஸ்கேன்ல வெள்ளத் திட்டா தெரியும், அந்தத் திட்டுங்க ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிச்சா 2. வயசானவங்க நெறைய பேருக்கு 1 வரும், அதுக்கு யாரும் பயப்படுறதில்ல, 2ன்னா கொஞ்சம் கவனிக்கணும்.

ஜீன் விஷயம்: ஏபிஓஇ எல்லாருக்கும் ரெண்டு இருக்கும், அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு. அதுல இ4ங்கிற வகை ஒண்ணு இருந்தா அல்சைமர்ங்கிற மறதி நோய் வர்ற ரிஸ்க் சுமார் 3 மடங்கு, ரெண்டுமே இ4னா 10 மடங்கு பக்கம்னு சொல்றாங்க, ஆனா அதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்கள வச்சு எடுத்த கணக்கு. இருந்தா வந்தே தீரும்னும் இல்ல, இல்லாட்டி வராதுன்னும் இல்ல. கண்டிப்பா வரவைக்கிற ஜீன் வேற, பிஎஸ்இஎன்1 மாதிரி, அது ரொம்ப அபூர்வம், அந்தக் குடும்பங்கள்ல 40, 50 வயசுலயே ஆரம்பிச்சிரும். ஆச்சிக்கு எந்த வயசுல வந்துச்சு?

ராத்திரிடூட்டி:
டெஸ்ட் காச வச்சு ஒரு நல்ல பிபி மெஷின் வாங்குங்க, கோச்சுக்காதீங்க, அனுபவிச்சவன் சொல்றேன். எங்கப்பாவுக்கு ஆம்லோடிபின்ங்கிற பிபி மாத்திரைல கால் வீங்குச்சு, யார்கிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திட்டாரு, தலகாணி உறைக்குள்ள நாலு அட்ட கெடந்தது, நாங்க பாத்தப்போ ஸ்ட்ரோக் வந்து அஞ்சு நாள் ஆயிருந்துச்சு. டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்பாரு, அவ்ளோதான் விஷயம். அமெரிக்காவுல ஸ்பிரிண்ட் மைண்ட்னு ஒரு ஆய்வு, 2019ல ரிசல்ட் வந்துச்சு, மேல் பிபிய 140க்கு பதிலா 120க்கு கீழ வச்சவங்களுக்கு லேசான நினைவுக் குறைவு 19% கம்மியா வந்துச்சு.

ஸ்கேன்ரூம்காரன்:
@ராத்திரிடூட்டி அண்ணே, அந்த ஆய்வுல சுகர் உள்ளவங்கள சேக்கவே இல்ல. டிமென்ஷியா, அதாவது முழு மறதி நோய், குறைஞ்சதையும் உறுதியா சொல்ற அளவுக்கு வரல. இவங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு, நாமளா 120க்கு எறக்குறேன்னு மாத்திரைய கூட்டி, எந்திரிக்கும்போது தல சுத்தி விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும். டாக்டர் சொல்ற அளவு என்னவோ அதுதான்.

மல்லிகைப்பந்தல்:
பி12, தைராய்டு பாத்தீங்களாம்மா? எங்க மாமியாருக்கு எல்லாரும் மறதி நோய்னு முடிவே பண்ணிட்டோம், பி12 படு கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டப்புறம் பழையபடி சீட்டுக் கணக்கு எழுதுறாங்க. காதும் பாருங்க. 2024ல லான்செட்ங்கிற மருத்துவ இதழோட குழு மறதி நோய்க்கு சொன்ன, நாம மாத்தக்கூடிய 14 காரணத்துல பிபி, சுகர், கெட்ட கொழுப்போட காது கேக்காததும் ஒண்ணு.

கரிசல்காட்டுப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. பெரிய மாமாகிட்ட கேட்டேன். ஆச்சிக்கு 78 வயசுல ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சாம், அதுக்கப்புறம்தான் புத்தி தடுமாறுச்சாம், நான் சின்னப் புள்ள, எனக்குத் தெரியல. அப்போ ஆச்சிக்கும் ரத்தக்குழாய் சமாச்சாரமாத்தான் இருக்கும் போல. டெஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். பி12க்கு நாளைக்கு ரத்தம் குடுக்கோம். பிபி மெஷின் ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு, பேட்டரி ஒழுகி உள்ள பச்சை பிடிச்சிருக்கு. பக்கத்து வீட்டு மெஷின்ல பாத்தேன், 162/94. மாத்திரை போட்டீங்களாம்மான்னா, "தலவலி வந்தாத்தான போடணும்"ங்காங்க.

ராத்திரிடூட்டி:
நாளைக்கே டாக்டர்கிட்ட இத அப்படியே சொல்லிருங்க. தலகாணி உறையயும் ஒரு தடவ பாத்துருங்க.