சிற்றலைக்கு நாமே கட்டிய ஏரியல்: இன்னும் மறக்காத ஒரு நேரம்

முதுநகர் கேட்பவன்

இன்று காலையும் சிற்றலை ரேடியோவில் தேடினேன், அந்தக் குரல் இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

போன மார்கழி. கடலூர் முதுநகரில் எங்கள் மொட்டைமாடியில் ஏரியல் கட்டி நாலு நாள் ஆகியிருந்தது. மோட்டார் வைண்டிங் கடையில் 24 கேஜ் கம்பி 100 கிராம் வாங்கினேன், 40 மீட்டருக்கு மேல் வந்தது. அதில் பாதிதான் தேவைப்பட்டது. ஒரு முனை தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டிய 20 அடி சவுக்குக் கழியில், மறுமுனை பக்கத்து வீட்டுத் தென்னையில். மரம் ஆடினால் கம்பி அறுந்துவிடும் அல்லவா? அதனால் தென்னைப் பக்கம் நைலான் கயிற்றைக் கப்பியில் விட்டு நுனியில் ஒரு செங்கலைத் தொங்கவிட்டேன். காற்றடித்தால் செங்கல் ஏறும், இறங்கும். கம்பி அப்படியே நிற்கும். முதல் நாள் முனையில் கம்பி மேலிருந்த இனாமல் பூச்சைச் சுரண்ட மறந்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிளேடால் சுரண்டி மாட்டியதும்தான் டயல் முழுக்க உயிர் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலை ஆறு மணி, இன்னும் இருட்டு. பழைய பிலிப்ஸ் பெட்டியில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வாத்து கத்துவது போல ஒரு பேச்சு. கொஞ்ச நேரம் பேசும், நிற்கும், மறுபடி பேசும். உரிமம் வாங்கி வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம்காரர்கள் எஸ்.எஸ்.பி. என்ற முறையில் பேசினால் சாதாரணப் பெட்டியில் அப்படித்தான் கேட்கும். இன்னொரு சின்ன ரேடியோவைப் பக்கத்தில் வைத்து அதை 455 கிலோஹெர்ட்ஸ் கீழே திருப்பி வைத்தால், அதன் உள்ளே அலை எழுப்பும் ஆஸிலேட்டர் இந்தப் பேச்சின் மேல் வந்து விழும், குரல் தெளியும் என்று படித்திருந்தேன். மயிரிழை மயிரிழையாக முள்ளை நகர்த்தினேன். வாத்துச் சத்தம் மெல்ல இறங்கி இறங்கி, திடீரென்று ஒரு பெரியவரின் தமிழ்க் குரலாகிவிட்டது.

"சி.க்யூ., சி.க்யூ., நாற்பது மீட்டர். யாராவது இருக்கீங்களா?"

சி.க்யூ. என்றால் யாரோடு வேண்டுமானாலும் பேசத் தயார் என்ற அழைப்பு. அதுவரை வாத்தாகக் கேட்டதெல்லாம் இதுதான். அத்தனை நேரமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நடுவில் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கோ பக்கத்து அறையில் நின்று பேசுவது போல இருந்தது. "கேட்குது அய்யா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உரிமமும் இல்லை, அனுப்பும் கருவியும் இல்லை, வேறென்ன செய்ய முடியும்? அப்புறம் தன் நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொல்ல ஆரம்பித்தார். "விக்டர் யூனிஃபார்ம் டூ..." அதாவது வி, யூ, 2. அதற்குள் அம்மா கோலம் போட எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்கள். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால் கரகரவென்று இரைச்சல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. மிச்ச எழுத்துகள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒரு கார்டாவது போட்டிருப்பேன்.

முத்தியால்பேட்டை மகள்

எங்கள் வீட்டில் ஏரியல் என்றால் அப்பா கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கட்டியிருந்த செப்பு வலை. ரிப்பன் மாதிரி பின்னியிருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் எங்கள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது ஜன்னல் பெயர்ந்து விழுந்து வலையையும் இழுத்துக்கொண்டு போனது. கரண்ட் இல்லை, போன் இல்லை. தெரு முழுக்க மரம். அடுத்த தெருவில் யார் எப்படி இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

ராத்திரி அப்பா ரேடியோவோடு மாடிக்குப் போனார். துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பி மட்டும் அறுபடாமல் நின்றது. முதலைக் கிளிப்பில் ஒரு வயரை முடுக்கி, ஒரு பக்கம் அந்தக் கொடியில், மறுபக்கம் ரேடியோவின் இழுப்புக் குச்சியில். 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. ஏறி ஏறி இறங்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவே புதுச்சேரி, கடலூர் என்று லண்டனிலிருந்து ஒருவர் சொல்கிறார். நான் படியில் மெழுகுவர்த்தியோடு நின்றேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்து, "நம்மளச் சொல்றான்மா" என்றார்.

தமிழோசையின் கடைசி வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30. அப்பா இப்போது இல்லை. கொடியில் அந்தக் கிளிப் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு இருக்கிறது. துணி உலர்த்தும்போது அதைச் சுற்றித்தான் போடுவேன்.

நெல்லிக்குப்பம் வயர்மேன்

என் கதை சின்னது. போன வருடம் ஒரு நாள் மாலை சிற்றலையின் 31 மீட்டர் பட்டையில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரே இரைச்சல். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பியூஸ் போனது. அந்த நொடியே இரைச்சல் அடங்கி, ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடத்திலெல்லாம் நிலையங்கள். அரபு, சீனம், பெயர் தெரியாத ஒரு பாட்டு. பத்து நிமிடம்கூட இல்லை, கரண்ட் வந்தது, எல்லாம் போனது. என் ஏரியலில் குறையே இல்லை, வீட்டுக்குள்தான் குறை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதுநகர் தம்பி, நீங்கள் கம்பி நீளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இரைச்சலை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அதுதான் முக்கியம். பேட்டரியில் ஓடும் ரேடியோவை வைத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டியூப்லைட்டின் எலெக்ட்ரானிக் சோக், எல்லாம் சந்தேகம்தான். அப்புறம் கம்பியை வீட்டைவிட்டு எவ்வளவு தள்ளிக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நல்லது. ஒற்றைக் கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தால் அந்த ஜன்னல் பக்கத்துச் சத்தம் அத்தனையும் அதில் ஏறும். அதற்குப் பதில் டைபோல் கட்டுங்கள், நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் சமமாக நீட்டிய கம்பிதான் அது. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு சுமார் 20 மீட்டர், நடுவில் வெட்டி பக்கத்துக்கு 10. 31 மீட்டர் பட்டையில் 9.6க்கு 15 மீட்டர் போதும். நடுவிலிருந்து டிஷ் கேபிளை இறக்குங்கள். அது 75 ஓம், டைபோலும் கிட்டத்தட்ட அதேதான், பொருந்திப் போகும். மேலே இணைக்கும் இடத்தில் கேபிளை ஓரடி அகல வளையமாக எட்டுப் பத்துச் சுற்று சுற்றிக் கட்டிவிட்டால் கேபிளின் வெளித்தோல் வழியாக வரும் இரைச்சலும் குறையும். தாங்கிக்கு பி.வி.சி. பைப் துண்டு போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். இணைப்பைப் பற்றவைத்து எம்-சீல் பூசுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றில் திறந்த செம்பு ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடித்துவிடும்.

முத்தியால்பேட்டை அம்மா தப்பாக நினைக்க வேண்டாம். கொடிக்கம்பி ஏரியல் ஆகாது. இரண்டு நுனியும் ஈரச் சுவரில் ஆணியடித்துக் கட்டியிருக்கும், பாதி சிக்னல் சுவருக்குள் போய்விடும். செப்பு வலையும் அப்படித்தான், சாதாரண வயரைவிட அதில் ஒரு லாபமும் கிடையாது.

அரியாங்குப்பம்

வயர்மேன் சார் இவ்வளவு எழுதினீர்கள், இடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை இன்னும் வரவில்லை, தெற்கே மட்டும் கறுத்திருந்தது. ரேடியோவிலிருந்து பிளக்கை உருவி ஜன்னல் ஓரம் தொங்கவிட்டிருந்தேன், கழற்றிவிட்டோமே என்ற நிம்மதியோடு. டிக் என்றது. பல்லி என்று நினைத்தேன். மறுபடி டிக், டிக். பிளக் நுனிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே நீலமாகப் பொறி தாவுகிறது! மின்னல் எங்கோ கடலுக்கு மேல். என் பையன் அப்போது அதே ஜன்னலில் கை வைத்துத்தான் நின்றிருந்தான். அந்த நீலப் பொறி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், வீட்டுக்குள் கழற்றுவது போதாது. ஜன்னலுக்கு வெளியே கத்திச் சுவிட்ச் ஒன்று வைத்து, கேட்காத நேரத்தில் கம்பியைத் தனி எர்த் ராடுக்குத் தள்ளிவிடுங்கள். நேராக விழும் மின்னலை அதுவும் தாங்காது. வானம் கறுத்தால் அன்றைக்கு ரேடியோ வேண்டாம். அப்புறம் ஈ.பி. லைனுக்கு மேலேயோ கீழேயோ, அறுந்தால் லைனில் விழும் தூரத்திலோ யாரும் கம்பி கட்டாதீர்கள். தென்னை, சவுக்கு என்று படிக்கும்போது எனக்கு அந்தப் பயம்தான் வந்தது.

தேவனாம்பட்டினம்

மாடி இல்லாதவர்களுக்கு. பத்து மீட்டர் வயர், ஒரு ஈயக் குண்டு, தூண்டில் நரம்பு. குண்டைச் சவுக்கு மரக் கிளைக்கு மேல் வீசி வயரை இழுத்துக்கொள்வேன். கடற்கரையில் வீட்டு இரைச்சல் எதுவும் கிடையாது. ஒரு இரவு 10 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு ஒரு டிக், நடுவில் சீன மொழியில் ஒரு பெண் குரல். பி.பி.எம். என்ற சீன நேர நிலையம். கடல் அலை ஒரு கணக்கில் வருகிறது, அந்த டிக் வேறு கணக்கில். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முத்தியால்பேட்டை மகள்

வயர்மேன் அண்ணா, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். அன்று அந்தக் கொடியில் கேட்டது. எங்கள் வீட்டில் நாலு பேர் கேட்டோம்.

நெல்லிக்குப்பம் வயர்மேன்

மன்னிக்கணும் அம்மா. புயலில் மற்றதெல்லாம் விழுந்த பிறகு கையில் நின்ற கம்பியில் கேட்டிருக்கிறார் உங்கள் அப்பா. அதை நான் யோசிக்கவில்லை.

உப்பளம்

முதுநகர் நண்பரே, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். அமெச்சூர் (ஹாம்) உரிமத் தேர்வு எழுதுங்கள். தொலைத்தொடர்புத் துறைதான் நடத்துகிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் படித்தால் போதும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எழுதினேன். முதல் நாள் மைக்கை எடுத்துக் கூப்பிட்டுவிட்டு, யாரும் வராமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் நிலைமை எனக்குத் தெரியும்.

முதுநகர் கேட்பவன்

வயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தேன். மாடிப்படி எல்.இ.டி. பல்பு. அதைப் போட்டால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முழுக்க அதே கரகரப்பு. அம்மா கோலம் போட இறங்கும்போது போடும் விளக்கு அதுதான். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை, பல்பை மாற்றிவிட்டேன். அரியாங்குப்பம் சார், கத்திச் சுவிட்சும் வாங்கியாயிற்று. எங்கள் தென்னைப் பக்கம் ஈ.பி. லைன் கிடையாது. உப்பளம் அய்யா, தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்று அந்த நேரத்தில் வேறு யாராவது கேட்டிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மார்கழி, காலை ஆறு மணி, 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. வயதான ஆண் குரல், 'யாராவது' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார். விக்டர் யூனிஃபார்ம் டூ வரைக்கும் என்னிடம் இருக்கிறது, அதற்கு அடுத்த எழுத்துகள்தான் வேண்டும்.