கட்டடக்கலைப் பள்ளியில் முழுநேர ஆசிரியர் பணி, திட்ட இயக்குநர் பதவி: விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது?

வரைபலகை (கேள்வி)

வணக்கம். 11 ஆண்டு அலுவலக அனுபவம், கட்டடக்கலைஞராகப் பதிவு, தொழில்முறை முதுகலைப் பட்டம், நான்கு பருவங்கள் வருகைதரு ஆசிரியராக இரண்டாம் ஆண்டு ஸ்டுடியோ (வடிவமைப்புப் பயிற்சி வகுப்பு). கையில் இருப்பது இவ்வளவு. முனைவர் பட்டம் இல்லை.

இப்போது இரண்டு அறிவிப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று முழுநேர உதவிப் பேராசிரியர் பணி. இன்னொன்று ஐந்தாண்டு இளநிலைப் படிப்புக்குத் திட்ட இயக்குநர். கேட்க நினைப்பவை:

போர்ட்ஃபோலியோவில் (வேலைத் தொகுப்பில்) சொந்த வேலை எவ்வளவு, மாணவர் வேலை எவ்வளவு இருக்க வேண்டும்? முனைவர் பட்டம் இல்லாமல் விண்ணப்பிப்பதில் பொருள் உண்டா? நேர்காணலன்று மாதிரி கிரிட் (மாணவரின் வரைபடத்தைப் பார்த்து அவரோடு பேசி விமர்சிக்கும் அமர்வு) நடத்தச் சொல்வார்களாம், அதில் எதைப் பார்ப்பார்கள்? முழுநேரமாகக் கற்பித்த அனுபவம் இல்லாதவர் நேராக இயக்குநர் பதவிக்குப் போவது சரியா?

செங்கல்வரி

முதலில் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். "கட்டாயம்" என்ற தலைப்பின் கீழ் முனைவர் பட்டம் இருந்தால் முதல் சல்லடையிலேயே விண்ணப்பம் நின்றுவிடும், எவ்வளவு நல்ல போர்ட்ஃபோலியோவும் காப்பாற்றாது. "விரும்பத்தக்கது" என்றோ "அல்லது அதற்கு இணையான தொழில் அனுபவம்" என்றோ இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் வடிவமைப்பு கற்பிக்கிறவருக்குத் தொழில்முறை முதுகலையையே இறுதிப் பட்டமாக ஏற்பது வழக்கம். வேறு பல நாடுகளில் வேலையில் சேர விட்டுவிட்டுப் பதவி உயர்வின்போது முனைவர் பட்டம் கேட்பார்கள். எனவே சேரும் தகுதி, உயரும் தகுதி இரண்டையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று. ஸ்டுடியோ எடுக்க ஆள் நிறையக் கிடைக்கும். இடம் காலியாவது பெரும்பாலும் ஸ்டுடியோவோடு சேர்த்துக் கட்டுமானத் தொழில்நுட்பமோ, கட்டமைப்போ, சுற்றுச்சூழல் வடிவமைப்போ, வரலாறோ எடுக்க ஆள் வேண்டும் என்பதால்தான். 11 ஆண்டு அலுவலக வேலை செய்தவருக்குக் கட்டுமானமும் தொழில்முறைப் பயிற்சியும் இயல்பான இரண்டாம் பாடங்கள். கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி, 14 வாரப் பாடத்திட்டம் ஒன்றையும் இணையுங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு 24 பக்கம் போதும். சொந்த வேலைக்கு 8, மாணவர் வேலைக்கு 12, மீதி நான்கு ஸ்டுடியோ பிரீஃபுக்கும் (மாணவருக்குத் தரும் திட்டக் குறிப்பு) பாடத்திட்டத்துக்கும். அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: இருபது பக்கம் முடிந்த கட்டடங்களின் புகைப்படம், கடைசியில் இரண்டு பக்கம் மாணவர்களின் அழகான ரெண்டர் (கட்டடம் எப்படித் தெரியும் என்று காட்டும் படம்). தேர்வுக்குழுவுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த ரெண்டர் மாணவரின் திறமையா, உங்கள் கற்பித்தலா என்று எப்படிப் பிரிப்பது?

ஒரே மாணவரின் ஒரே செக்ஷனை (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம்) மூன்று வாரங்களில் காட்டுங்கள். எடுத்துக்காட்டாக, 3ஆம் வாரத்துத் தாளில் தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர். 165 மி.மீ. உயரத்தில் 20 படிகள், பத்தாவது படியில் இடைமேடை. அதாவது மேடை 1.65 மீட்டரில் வருகிறது. ஜன்னலோ 0.9 மீட்டரில் தொடங்கி 2.1இல் முடிகிறது, மேடை அதைக் குறுக்கே வெட்டுகிறது. தாளின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "மட்டங்களை எழுது, பிறகு ஜன்னலைத் தொடு." 5ஆம் வாரம் 1:50 அட்டை மாடலில் ஜன்னல் இடைமேடையின் மட்டத்துக்கு ஏறியிருக்கிறது. 9ஆம் வாரம் அதே இடைமேடை அகலமாகி, உட்கார்ந்து படிக்கும் இடமாக மாறியிருக்கிறது. இந்த ஒரு விரிப்பைப் பார்த்தால் நீங்கள் எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று குழுவுக்குப் புரிந்துவிடும்.

முதல் மதிப்பெண் மாணவரை மட்டும் காட்டாதீர்கள். நடுத்தர மாணவர் ஒருவரும் தேறத் திணறிய ஒருவரும் இருக்கட்டும். எழுத்துமூல அனுமதி வாங்கி, அவர்கள் விரும்பும் விதத்தில் பெயரோடோ பெயரில்லாமலோ போடுங்கள். சொந்தத் திட்டங்களின் கீழ் உங்கள் பங்கைத் துல்லியமாக எழுதுங்கள்: "சுவர் விவரங்கள், தள மேற்பார்வை" என்பது "திட்டக் குழுவில் பங்கு" என்பதைவிட நூறு மடங்கு மேல். குழு வேலையைத் தனி வேலைபோலக் காட்டினால் பரிந்துரையாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

பிரீஃபுக்கு வருவோம். இரண்டாம் ஆண்டுக்கு 300 ச.மீ. வாசிப்பகம் போதும், 3,000 ச.மீ. கலாச்சார மையம் வேண்டாம். பரப்பு பெருகினால் மாணவர் பிளானை அடுக்குவதிலேயே பருவம் முடிந்துவிடும், செக்ஷனுக்கு நேரம் வராது. சைட் நடந்துபோய் அளக்கும் தூரத்தில் இருக்கட்டும். 1, 2 வாரம் அளவெடுப்பு, 1:200. 3 முதல் 6 வரை செக்ஷனும் 1:50 மாடலும். 7இல் இடைக்கால ஜூரி (குழுவின் முன் வேலையை வைத்து மதிப்பிடுவது). 8, 9இல் சுவரின் 1:20 செக்ஷன். 12ஆம் வார முடிவில் வடிவமைப்பை உறையவைத்துவிட வேண்டும், அதன் பிறகு வரைவது மட்டும். சுவர் செக்ஷனை 13ஆம் வாரத்துக்குத் தள்ளுகிற பிரீஃப்கள் ஏராளம். அப்போது அது வடிவமைப்பை மாற்றும் கருவியாக இல்லாமல் ஷீட்டின் மூலையில் ஒட்டும் அலங்காரமாகிவிடுகிறது.

மதிப்பெண் பங்கீட்டையும் எழுதுங்கள். வாராந்தர வேலைக்கு 50, இடைக்காலத்துக்கு 15, இறுதிக்கு 35 என்பது நல்ல தொடக்கம். இறுதிக்கே 60 வைத்தால் ஆறாம் வாரத்திலிருந்து பாதி மேசைகள் காலியாகக் கிடக்கும்.

இடைமேடை

செங்கல்வரி சொன்னதோடு நேரக் கணக்கையும் பிரீஃபில் சேருங்கள், மிகச் சிலரே செய்கிறார்கள். 15 மாணவர், ஒரு அமர்வு 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். எல்லோரையும் மேசைக்கு மேசை பார்த்தால் தலைக்கு 16 நிமிடம், மூச்சுவிட இடைவெளி இல்லை. வாரத்தில் மூன்று அமர்வு இருந்தால் முதல் இரண்டில் 7 பேர், 8 பேர் எனப் பிரித்துத் தலைக்கு 25 நிமிடம் கொடுங்கள். எட்டுப் பேருக்கு 200 நிமிடம் போனாலும் பொதுப் பின்-அப்புக்கு (எல்லோர் தாளையும் சுவரில் குத்திவைத்துப் பேசுவது) 40 நிமிடம் மிஞ்சும். மூன்றாவது அமர்வை மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாக நடத்தினால் ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் போய்ச் சேரும்.

சில பள்ளிகளில் பிரீஃபை மாணவரிடமும் விற்க வேண்டியிருக்கும். லண்டனின் ஏஏ (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) கட்டடக்கலைப் பள்ளியில் ஆல்வின் போயார்ஸ்கி தலைவராக இருந்த 1971 முதல் 1990 வரையிலான காலத்தில் வேரூன்றிய யூனிட் முறையில், ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் தன் திட்டத்தை முன்வைப்பார், எந்த யூனிட்டில் சேர்வது என்று மாணவர் தேர்ந்தெடுப்பார். நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் இந்த முறை உண்டா என்று பாருங்கள். இருந்தால் பிரீஃபின் முதல் அரைப் பக்கம் 19 வயது மாணவரை இழுக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

இனி மாதிரி கிரிட். 15 அல்லது 20 நிமிடம், முன்பின் தெரியாத மாணவர், பின்னால் குழு. விண்ணப்பதாரர் சறுக்குவது எப்போதும் ஒரே இடத்தில்: இரண்டாம் நிமிடத்தில் பேனாவை எடுத்து, மாணவரின் பிளான் மேல் தன் பிளானை வரைய ஆரம்பிக்கிறார். பெரும்பாலும் நல்ல பிளானாகவே இருக்கும். ஆனால் அந்த மாணவர் அதன் பிறகு வாயே திறக்க மாட்டார், குழு குறித்துக்கொள்வதும் அதைத்தான்.

முதல் மூன்று நிமிடம் தாளைப் பாருங்கள், கேளுங்கள். "இதில் எதை மாற்றவே மாட்டீர்கள்?" என்ற கேள்வி நன்றாக வேலை செய்யும். மாணவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். பிறகு தாளில் நிஜமாக இருக்கிற ஒரே ஒரு முரணை எடுங்கள். வடக்கு வெளிச்சம் வேண்டும் என்கிறார், வடக்குச் சுவர் முழுக்கக் கழிப்பறை நிற்கிறது, இப்படி. வரைய வேண்டுமென்றால் டிரேசிங் தாளைப் போட்டு இரண்டு மாற்று வழிகளை வரையுங்கள். ஒன்றே ஒன்று வரைந்தால் அது கட்டளையாகிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் அடுத்த அமர்வுக்கு என்ன கொண்டுவருவது என்று மாணவரே சொல்ல வேண்டும், எந்த அளவில், எத்தனை தாள் என்பது உட்பட.

பொது உரைக்கு 40 நிமிடம் கொடுத்தால் 35இல் முடியுங்கள். கேள்வி நேரத்தைத் தின்றுவிடுவதை யாரும் மன்னிப்பதில்லை.

மூலைக்கல்

இயக்குநர் பதவி பற்றி. தொழில் அனுபவத்தை மட்டும் வைத்து அதற்குப் போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். தகுதி பற்றிய சந்தேகத்தால் அல்ல, வேலையின் இயல்பால். டீனின் நேரம் நிதியிலும் பல்கலைக்கழக நிர்வாகத்திலும் போகும். திட்ட இயக்குநரின் நேரம் கால அட்டவணை, ஆசிரியர் ஒதுக்கீடு, மாணவர் முறையீடு, அங்கீகாரக் கோப்பு ஆகியவற்றில் போகும். இவற்றைக் கற்கும் இடம் ஆண்டு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு. நான்கு ஸ்டுடியோ குழுக்களின் பிரீஃபையும் மதிப்பெண்ணையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது அங்கேதான் கைவரும்.

ஆனாலும் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் தொலைநோக்கு உரையைவிட இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். ஆண்டுக்கு 60 மாணவர், ஐந்தாண்டு, மொத்தம் 300. ஓர் ஆசிரியருக்கு 15 மாணவர் என்றால் 20 ஸ்டுடியோ குழுக்கள், குழுவுக்கு வாரம் 12 மணி, ஆக 240 மணி. ஆசிரியரின் வகுப்பு நேரம் வாரம் 16 மணி என்றால் ஸ்டுடியோ போகத் தலைக்கு 4 மணி, 20 பேருக்கு 80 மணி. கோட்பாட்டுப் பாடங்கள் ஆண்டுக்கு 12 மணி வீதம் 60 மணி. மிச்சம் 20 மணியில்தான் விருப்பப் பாடம், ஆய்வேட்டு வழிகாட்டல் எல்லாம். இரண்டு பேர் விடுப்பில் போனால் 32 மணி குறையும், கணக்கு உடனே பள்ளத்தில் விழும். இயக்குநருக்கே பாதிப் பணிச்சுமைதான் என்றால் இன்னும் 8 மணி போகிறது. பகுதிநேர ஆசிரியர்கள் இல்லாமல் எந்தப் பள்ளியும் ஓடாததற்கு இதுதான் காரணம். அந்தப் பள்ளியின் உண்மையான எண்களைப் போட்டு, எங்கே உடையும் என்று சொல்ல முடிந்தால் குழு நிமிர்ந்து உட்காரும்.

"பாடத்திட்டத்தை முதலாண்டிலேயே மாற்றுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். புதிய பாடத்திட்டம் முதலாண்டு மாணவரிடம் தொடங்கி இறுதியாண்டைத் தொட நான்கு ஆண்டு ஆகும். அதுவரை பழையதும் புதியதும் இணையாக ஓட வேண்டும், தவறிய பாடத்தை மீண்டும் எழுதுகிறவருக்குப் பழைய பாடமும் நடக்க வேண்டும். பதவிக்காலமோ பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸ் 1919இல் தொடங்கியும் அங்கே கட்டடக்கலைக்கென்று தனித் துறை வந்தது 1927இல்தான். அடுத்த ஆண்டே வால்டர் கிரோப்பியஸ் இயக்குநர் பதவியிலிருந்து விலகினார்.

அங்கீகாரம் பற்றி ஒரு சொல். யுனெஸ்கோவும் சர்வதேசக் கட்டடக்கலைஞர் சங்கமும் 1996இல் வெளியிட்ட சாசனத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள், பல நாட்டு விதிகளின் மொழி அதை ஒட்டியே இருக்கிறது. நடைமுறையில் அங்கீகாரக் குழு கேட்பது சான்று: ஒவ்வொரு பாடத்திலும் உயர்ந்த மதிப்பெண் வேலை, தேறியவற்றில் கடைசி வேலை. அந்தக் கடைசி வேலைதான் பள்ளியின் உண்மையான அடித்தளம். அதைப் பருவ முடிவிலேயே சேகரிக்காவிட்டால் பிறகு கிடைக்காது, நன்றாக வராத ஷீட்டை எந்த மாணவரும் பத்திரமாக வைத்திருப்பதில்லை.

வரைபலகை

எல்லோருக்கும் மிக்க நன்றி. உதவிப் பேராசிரியர் பணிக்கு மட்டும் விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டேன். வேலை கிடைத்தால் ஒப்புக்கொள்ளும் முன் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

மூலைக்கல்

வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, அதில் ஸ்டுடியோ நேரத்தை முழுதாக எண்ணுகிறார்களா, பாதியாக எண்ணுகிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். ஒரு மணி கோட்பாட்டுக்கு ஒரு அலகு, இரண்டு மணி ஸ்டுடியோவுக்கு ஒரு அலகு என்று எண்ணும் இடங்களில் "16 அலகு" என்பது 28 மணியாக வந்து நிற்கும்: 24 மணி ஸ்டுடியோவும் 4 மணி கோட்பாடும்.

வெளியே தொழில் செய்ய அனுமதி உண்டா, வாரத்துக்கு எத்தனை நாள், கட்டடத்துக்கான பொறுப்புக் காப்பீடு யாருடையது. பதவி உயர்வில் கட்டிய வேலையை ஆய்வாக ஏற்பார்களா, ஏற்றால் அதற்கு வேண்டிய ஆவணம் என்ன. முதல் பருவத்தில் புதிய பாடம் ஒன்றுக்கு மேல் தரக் கூடாது என்றும் கேளுங்கள், புதிய ஸ்டுடியோவும் புதிய கோட்பாட்டுப் பாடமும் ஒன்றாக வந்தால் இரண்டுமே அரைகுறையாகும். துறைத்தலைவர் வாய்மொழியாகச் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்பி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று பதில் வாங்கி வையுங்கள். துறைத்தலைவர் மாறுவார், மின்னஞ்சல் இருக்கும்.