புதுப்பிப்பு: ஒரே வீடு, வேறு குணம்

கற்பனை மனிதர்களை உருவாக்கி வாழவைக்கும் தி சிம்ஸ் 4 கணினி விளையாட்டில் ஒரே வீட்டில் வளரும் அக்காவும் தங்கையும் ஏன் இவ்வளவு மாறுபட்டு நடக்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி, "இருவருக்கும் அறையையும் பொருள்களையும் ஒன்றாக்கி, குணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள் அண்ணா" என்றார். இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஓய்ந்த பிறகுதான் உட்கார நேரம் கிடைத்தது.

அக்காவுக்குத் 'தனிமை விரும்பி' என்ற குணத்தையும், தங்கைக்குக் 'கலகலப்பு' என்ற குணத்தையும் கொடுத்தேன். விருந்தினர் வந்ததும் தங்கை மலர்ந்துவிட்டாள். அக்கா அறிமுகமற்றவர்களைக் கண்டு பதற்றமானாள். வீடு காலியானதும் அவள் முகம் தெளிந்தது, தங்கை வாடினாள். என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்: தனிமை இருவருக்கும் ஒன்றே, அது தரும் மனநிலைதான் வேறு.

இந்தச் சிந்தனையின் வேர் 2000இல் வந்த முதல் சிம்ஸிலேயே இருக்கிறது. அங்கே ஒரு பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்ற முடிவின் பெரும்பகுதி வீட்டுப் பொருள்களிடம்தான். குளிர்பதனப் பெட்டி "பசி தீர்ப்பேன்" என்றும் படுக்கை "களைப்பு தீர்ப்பேன்" என்றும் அழைத்துக்கொண்டே இருக்கும். அப்போதைய தேவையும் குணமும் எந்த அழைப்பு வெல்லும் என்பதைத் தீர்மானிக்கும். நேர்த்தி, கலகலப்பு, சுறுசுறுப்பு, விளையாட்டுத்தனம், இனிமை ஆகிய ஐந்துக்கும் 25 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும்.

2009இல் வந்த மூன்றாம் பதிப்பு, பெரியவர்களுக்கு ஐந்து குணங்களைத் தேர்ந்தெடுக்க விட்டது. நான்காம் பதிப்பில் மூன்றுதான். ஒரு மனிதரை வரைய மூன்று போதாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்து, இருவருக்கும் முன்கோபத்தையும் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.