விண்டோவை இழுத்தால் உள்ளே என்ன ஆகிறது? கன்டெய்னர் விட்ஜெட் அனுபவங்கள்

அடுக்குப்பெட்டி:
விண்டோவைப் பெரிதாக்கினால் எல்லாம் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். சிறிதாக்கினால் பட்டன் காணாமல் போகும். கன்டெய்னருக்குள் (பட்டன், லேபிள் போன்ற விட்ஜெட்களைத் தாங்கும் பெட்டி) கன்டெய்னர் வைத்து லேஅவுட் போடுகிற எல்லோரும் பார்த்த கோளாறுகள்தான் இவை. எந்த டூல்கிட்டில் (விண்டோ, பட்டன்களை உருவாக்கும் நூலகம்) எது சிக்கும், எப்படி அவிழும் என்று எழுதுங்கள். பைத்தானின் டிகேஇன்டரில் (Tkinter) விட்ஜெட்களை வரிசை, பத்தி (column) என்று கட்டங்களில் அடுக்கும் கிரிட்டிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு ஃபார்ம், பத்தி 0-இல் லேபிள், பத்தி 1-இல் என்ட்ரி (எழுத்து உள்ளிடும் பெட்டி). என்ட்ரிக்கு ஸ்டிக்கியில் ஈ (கிழக்கு, வலப்பக்கம்), டபிள்யூ (மேற்கு, இடப்பக்கம்) இரண்டும் கொடுத்தாயிற்று, ஆனாலும் விரியவில்லை. பத்தியின் வெயிட்டைப் பாருங்கள். டீஃபால்ட் 0. விண்டோவில் மிச்சமாகும் இடம் வெயிட் உள்ள பத்திக்கும் வரிசைக்கும் மட்டும்தான் போகும். ஸ்டிக்கி, தனக்குக் கிடைத்த அறைக்குள் விட்ஜெட் எந்தச் சுவர்களைத் தொட வேண்டும் என்று சொல்கிறது. அறை வளருமா என்பதை வெயிட் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் என்ட்ரி நீளும்.

பத்திக்கு வெயிட் கொடுக்கும் காலம்கான்ஃபிகரை (columnconfigure) என்ட்ரியின் மேல் அழைத்துப் பயனில்லை, என்ட்ரியைத் தாங்கும் ஃப்ரேமின் மேல் அழைக்க வேண்டும். அந்த ஃப்ரேமும் ரூட் விண்டோவில் கிரிட்டால் வைக்கப்பட்டிருந்தால் ரூட்டின் பத்திக்கும் வரிசைக்கும் வெயிட் வேண்டும். ஃப்ரேமுக்கும் ஸ்டிக்கி வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் இடம் அங்கேயே நின்றுவிடும், உள்ளே எத்தனை வெயிட் போட்டாலும் எட்டாது.

இரண்டு பத்திக்கும் வெயிட் 1 கொடுத்தால் இரண்டும் ஒரே அகலத்தில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். சமமாகப் பங்கிடப்படுவது மிச்ச இடம் மட்டுமே. இயல்பு அகலம் 80, 200 என்று இருந்து விண்டோ 400 பிக்சல் என்றால் மிச்சம் 120. ஆளுக்கு 60 சேர்ந்து 140, 260 என்று வரும். மொத்த அகலமே சமமாக வேண்டுமானால் இரு பத்திக்கும் யூனிஃபார்ம் (uniform) என்ற அமைப்பில் ஒரே பெயரைக் கொடுங்கள், வெயிட்டும் இருக்கட்டும்.

---

வரிசைமுறை:
கிரிட்டைச் சொல்லிவிட்டீர்கள், டிகேஇன்டரின் இன்னொரு அடுக்கும் முறையான பேக் (pack) பற்றி நான் எழுதுகிறேன். பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். டூல்பார், நடுவில் எடிட்டர், கீழே ஸ்டேட்டஸ் பார் என்ற அமைப்புக்கு பேக்தான் சுருக்கமான வழி என்பது என் கருத்து.

பேக்கில் அழைக்கும் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு விட்ஜெட்டும் மீதமுள்ள வெற்றிடத்தின் ஒரு ஓரத்தை முழுதாக வெட்டி எடுத்துக்கொள்ளும். அடுத்தது எஞ்சியதிலிருந்து வெட்டும். டெக்ஸ்ட் ஏரியாவை முதலில் வைத்துவிட்டு ஸ்டேட்டஸ் பாரைக் கடைசியில் வைத்தால், விண்டோ சுருங்கும்போது முதலில் நசுங்குவது ஸ்டேட்டஸ் பார். கடைசியில் வந்ததற்கு இடம் இல்லாமல் போகிறது. ஆகவே ஓரங்களை முதலில் முடியுங்கள்: டூல்பார் மேலே, ஸ்டேட்டஸ் பார் கீழே, ஸ்க்ரோல்பார் வலப்பக்கம். எக்ஸ்பேண்டும் (ஒதுக்கிய இடத்தை வளர்ப்பது) ஃபில்லும் (அந்த இடத்தை விட்ஜெட் நிரப்புவது) உள்ள டெக்ஸ்ட் ஏரியா கடைசி. திரையில் கீழே இருப்பது நிரலில் மேலே வரும், அவ்வளவுதான்.

எக்ஸ்பேண்ட் மட்டும் போட்டு ஃபில் விட்டால், ஒதுக்கிய இடம் பெரிதாகும், விட்ஜெட் அதன் நடுவில் பழைய அளவிலேயே நிற்கும்.

ஒரே ஃப்ரேமுக்குள் பேக்கையும் கிரிட்டையும் கலக்கக் கூடாது. டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே நூலகத்தின் 8.6-க்கு முந்தைய பதிப்புகளில் இரண்டும் மாறி மாறி அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும், நிரல் உறைந்துவிடும். 8.6 முதல் உடனே பிழைச்செய்தி வருகிறது. வெவ்வேறு ஃப்ரேம்களில் வெவ்வேறு முறை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

---

ஜிடிகே_மரம்:
ஜிடிகே (GTK) என்ற டூல்கிட்டில் பதிப்பு 3-இலிருந்து 4-க்கு மாற்றும்போது லேஅவுட் சிதறுவது பற்றி. ஜிடிகே 3-இல், விட்ஜெட்களை வரிசையாக அடுக்கும் பாக்ஸின் பேக்-ஸ்டார்ட் நான்கு தகவல்களை வாங்கும்: விட்ஜெட், எக்ஸ்பேண்ட், ஃபில், பேடிங். ஜிடிகே 4-இல் அது இல்லை, அப்பெண்ட் என்ற எளிய அழைப்புதான். விட்ஜெட்டைத் தவிர மற்ற மூன்றும் அந்த விட்ஜெட்டின் பண்புகளாகிவிட்டன. எக்ஸ்பேண்டுக்கு ஹெச்-எக்ஸ்பேண்ட் (கிடைமட்டம்) அல்லது வி-எக்ஸ்பேண்ட் (செங்குத்து). ஃபில் வேண்டாமென்றால் அலைன் பண்பில் சென்டர். பேடிங்குக்கு மார்ஜின். கடைசியிலிருந்து அடுக்கும் பேக்-எண்டை மாற்றும்போது வரிசையைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். முதலில் பேக்-எண்ட் ஆனது கடைக்கோடியில் நிற்கும், அடுத்தது அதற்கு உள்பக்கம். அதே வரிசையில் அப்பெண்ட் செய்தால் 'சேமி' இருந்த இடத்தில் 'ரத்து' வந்து நிற்கும்.

இதைவிட அதிகம் குழப்புவது எக்ஸ்பேண்ட் மேல்நோக்கிப் பரவுவது. இடதுபக்கம் சைட்பார் பாக்ஸ், வலதுபக்கம் உள்ளடக்கம். சைட்பாருக்குள் ஒரு தேடல் என்ட்ரி, அதற்கு ஹெச்-எக்ஸ்பேண்ட் உண்மை. உடனே அதைத் தாங்கும் பாக்ஸும், அதற்கு மேலுள்ளதும் 'நானும் விரிவேன்' என்று கணக்கிடப்படும். ஜிடிகே பாக்ஸில் வெயிட் கிடையாது, விரியும் பிள்ளைகளுக்கு (உள்ளே இருக்கும் விட்ஜெட்களுக்கு) மிச்ச இடம் சமமாகப் போகும். முடிவில் சைட்பார் விண்டோவோடு சேர்ந்து வீங்கும். என்ட்ரியைத் தொட வேண்டாம். சைட்பார் பாக்ஸிலேயே ஹெச்-எக்ஸ்பேண்ட் பொய் என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'எழுதாமல் விட்டால் பொய்தானே' என்று விடக் கூடாது. எழுதாதபோது பிள்ளைகளைப் பார்த்துக் கணக்கிடும், எழுதினால்தான் பரவல் அங்கே நிற்கும்.

ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் வேண்டுமா? கிரிட் வைத்து, பத்திகள் சமம் என்ற பண்பைப் போட்டு, இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் மூன்று பத்தி அகலம் கொடுங்கள்.

ஸ்க்ரோல்டு விண்டோவுக்குள் வைத்த பட்டியல் மெல்லிய கீற்றாகத் தெரிந்தால், ஸ்க்ரோல்டு விண்டோவுக்கு வி-எக்ஸ்பேண்ட் கொடுங்கள், அல்லது குறைந்தபட்ச உயரத்தை எண்ணாகச் சொல்லுங்கள். பட்டியலின் இயல்பு உயரத்தை அது தானாக மேலே கேட்காது.

---

நீள்சட்டம்:
இனி க்யூட்டி (Qt) என்ற டூல்கிட் பக்கம். புதிதாக வருபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது மெயின் விண்டோவில். அதற்கு ஏற்கெனவே சொந்த லேஅவுட் உண்டு. நேராக இன்னொன்றைப் போட்டால் எச்சரிக்கை வரும், திரை காலியாக இருக்கும். வெற்று விட்ஜெட் ஒன்றை உருவாக்கி, லேஅவுட்டை அதற்குக் கொடுத்து, அதைச் சென்ட்ரல் விட்ஜெட்டாக வையுங்கள்.

பட்டன்களை வலப்பக்கம் தள்ள, கிடைமட்ட பாக்ஸ் லேஅவுட்டில் முதலில் ஆட்-ஸ்ட்ரெச் (விரியும் வெற்றிடத்தைச் சேர்ப்பது), பிறகு பட்டன்கள். வெற்று லேபிள் வைத்துத் தள்ளுவதைக் கைவிடுங்கள்.

ஓரத்து வெற்றிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் மட்டங்களை எண்ணிப் பாருங்கள். லேஅவுட்டுக்குள் நேராக லேஅவுட் வைத்தால் உள்ளேயிருப்பதற்கு மார்ஜின் சேராது. நடுவில் ஒரு விட்ஜெட் வைத்து அதற்கு லேஅவுட் போட்டால், ஸ்டைல் தரும் மார்ஜின் ஒவ்வொரு மட்டத்திலும் சேரும். பல தளங்களில் அது 11 பிக்சல். மூன்று மட்டம் போனால் 33. உள்ளே இருப்பவற்றுக்கு செட்-கன்டென்ட்ஸ்-மார்ஜின்ஸில் நான்கு பூஜ்யம் போட்டு, வெளியே உள்ளதற்கு மட்டும் விடுங்கள்.

ஸ்க்ரோல் ஏரியாவில் விட்ஜெட்-ரீசைசபிள் டீஃபால்டாகப் பொய். உண்மை ஆக்காவிட்டால் உள்ளடக்கம் தன் இயல்பு அளவிலேயே நிற்கும், விண்டோவோடு விரியாது. செட்-விட்ஜெட்டுக்கு முன்பே உள்விட்ஜெட்டுக்கு லேஅவுட் போட்டுவிடுங்கள். பின்னால் சேர்த்தால் உள்ளே ஒன்றுமே தெரியாது.

---

புதுநிரலர்:
டிகேஇன்டரில் சைட்பார் ஃப்ரேமுக்கு அகலம் 200 என்று கொடுத்தும், உள்ளே பட்டன் வைத்ததும் பட்டன் அளவுக்குச் சுருங்கிவிடுகிறதே, ஏன் அண்ணா?

---

அடுக்குப்பெட்டி:
ஃப்ரேம் தன் பிள்ளைகளின் அளவுக்கு ஒடுங்குவது இயல்பு தம்பி; அகலம் என்று கொடுத்த எண் அப்போது மதிக்கப்படாது. இந்த ஒடுங்கலைக் கட்டுப்படுத்தும் பேக்-ப்ராபகேட்டைப் பொய் ஆக்கினால் 200 நிற்கும். ஆனால் உயரத்துக்கும் பிள்ளைகளைக் கேட்காது. உயரம் கொடுக்காமல், செங்குத்தாக ஃபில்லும் இல்லாமல் விட்டால் ஃப்ரேமே கண்ணுக்குத் தெரியாமல் போகும். பாதுகாப்பான வழி, வெளி ஃப்ரேமில் கிரிட் வைத்து அந்தப் பத்திக்கு மின்சைஸ் (minsize, குறைந்தபட்ச அளவு) 200 கொடுப்பது. 200-க்குக் கீழே போகாது, உள்ளே நீளமான தமிழ் லேபிள் வந்தால் தானாக விரியும்.

---

வரிசைமுறை:
தம்பிக்கு இன்னொன்று. இடம் எந்த ஃப்ரேமில் நின்றுபோகிறது என்று ஊகிக்காதீர்கள், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறு வேறு பின்னணி நிறம் போட்டு விண்டோவை இழுத்துப் பாருங்கள். வளராத நிறம் எதுவோ, அதைத் தாங்கும் ஃப்ரேமில் வெயிட்டோ, அந்த ஃப்ரேமுக்கே ஸ்டிக்கியோ விட்டுப்போயிருக்கும். டிகேஇன்டரின் தீம் வகை விட்ஜெட்டான டிடிகே (ttk) ஃப்ரேம் பின்னணி நிறத்தை ஏற்காது, பிழை காட்டும். அதற்கு ரிலீஃப் சாலிட், பார்டர்விட்த் 1 போதும், பெரும்பாலான தீம்களில் கோடு தெரியும்.

---

ஜிடிகே_மரம்:
ஜிடிகே 4-இல் நிறம்கூட வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்ஸ்பெக்டர் திறக்கும். விட்ஜெட் மரத்தில் சந்தேகப்படும் பாக்ஸைத் தேர்ந்து, ஹெச்-எக்ஸ்பேண்டை அங்கேயே மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவிலேயே விளைவு தெரியும். சரியான பாக்ஸ் எது என்று உறுதியான பிறகு நிரலைத் திருத்தலாம்.