செலஸ்டியாவில் எங்கே போனாலும் இருட்டு: தொடங்குவதற்கு உதவி தேவை

உவர்மலைவாசி

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் தரம் 8 படிக்கிறாள். போன வாரம், இந்த ஜனவரி மழை கொஞ்சம் விட்ட ஒரு இரவு, திருகோணமலை டச்பே கரையில் நின்றோம். கோணேசர் மலைக்கு வலப்பக்கம், கடலுக்கு மேலே பளிச்சென்று ஒரு வெள்ளை ஒளி. "அம்மா, அது வியாழனா? அங்கே போய்ப் பார்க்கிற மாதிரி கொம்பியூட்டரில் ஏதும் இருக்காதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தேடுகிறேன்.

எங்களிடம் இருப்பது என் அண்ணா பாவித்துவிட்டுத் தந்த பழைய லப்டொப். ராம் 4 ஜிபி. தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. பற்றரியும் முற்றாகப் போய்விட்டது, வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். முதலில் காசு கொடுத்து வாங்கும் பெரிய சிமுலேட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். லப்டொப் சூடேறி அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒருவர் சொல்லி, இலவசமாகக் கிடைக்கும் செலஸ்டியா என்ற விண்வெளிச் சிமுலேட்டரை இறக்கினோம். அது திறக்கிறது, ஓடுகிறது. ஆனால் எங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை.

ஒரு கோளுக்குப் போக 'ஜி' விசையை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மகள் மேல் வரிசையில் உள்ள எஃப் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். கோள்கள் எல்லாம் மறைந்து நட்சத்திரங்கள் மட்டும் நின்றன. மெனுவில் தட்டித்தட்டி ஒருமாதிரிச் சந்திரனுக்குப் போனால், அங்கே கறுத்த வட்டம்தான் தெரிகிறது. இது லப்டொப்பின் குறையா, எங்கள் பிழையா? எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது சொல்லித் தாருங்கள்.

பாலையூற்றுப் பொடியன்

அக்கா, லப்டொப்பில் குறையில்லை. செலஸ்டியா 2001இல் வெளிவந்த நிரல். அந்தக் காலத்துக் கணினிகளிலேயே ஓடியது, உங்கள் 4 ஜிபி அதற்குத் தாராளம்.

ஜி விசை பற்றி ஒன்று கேட்கிறேன். நீங்கள் இவ்வளவையும் தமிழில் தட்டியிருக்கிறீர்கள். கீபோர்டைத் தமிழில் வைத்தபடியேதானா செலஸ்டியாவைத் திறந்தீர்கள்? அப்படியென்றால் நீங்கள் ஜி அழுத்தும்போது நிரலுக்குப் போய்ச் சேருவது ஒரு தமிழ் எழுத்து. அதற்கு அது விளங்காது. ஆங்கிலக் கீபோர்டுக்கு மாற்றிவிட்டு, கேப்ஸ் லொக்கும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்கும் முதல் நாள் இதே கதைதான், ஒரு மணித்தியாலம் தேடினேன்.

மற்றது, நட்சத்திரம் மட்டும் தெரிந்தது ஏனென்றால், எஃப் விசைகள்தான் உங்கள் வேகம். எஃப்1 நிறுத்தும். எஃப்2 வினாடிக்கு 1 கிலோமீற்றர், எஃப்3 வினாடிக்கு 1,000 கிலோமீற்றர், எஃப்4 ஒளியின் வேகம், எஃப்5 அதைப்போல 10 மடங்கு. எஃப்6இல் வினாடிக்கு ஒரு வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம். எஃப்7இல் வினாடிக்கு ஒரு ஒளியாண்டு. தங்கச்சி எஃப்7ஐத் தொட்டுவிட்டுப் பத்து வினாடி யோசித்திருந்தால், சூரியனே ஒரு புள்ளியாகப் போயிருக்கும். (உங்கள் லப்டொப்பில் எஃப் விசைகள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் மாற்றினால், எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடியுங்கள்.)

தொலைந்துவிட்டால் திரும்பி வரும் வழி இதுதான்: 'எஸ்' அழுத்தி நில்லுங்கள். 'எச்' அழுத்தினால் சூரியன் தெரிவாகும். பிறகு 'ஜி' அழுத்துங்கள், அது உங்களைச் சூரியனிடம் கொண்டுபோகும். அங்கிருந்து பூமிக்கு வர, என்டர் அழுத்தி, பூமியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, மறுபடி என்டர், பிறகு ஜி. அவ்வளவுதான். எச், ஜி இரண்டையும் மகளுக்கு முதலில் பழக்குங்கள். மற்ற விசைகளை ஆறுதலாகப் படிக்கலாம்.

நிலாவெளிக் காற்று

தம்பி சொன்னது சரி. ஆனால் விசைகளைப் பாடமாக்குவதற்கு முன் ஒரு பழக்கம் வேண்டும் தங்கச்சி. நான் அப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்தவன். கரை கண்ணுக்கு மறைந்தால் யாரும் இயந்திரத்தை முடுக்கமாட்டார்கள். முதலில் கோணேசர் மலை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள்.

செலஸ்டியாவில் அந்த அடையாளங்கள் திரையின் நான்கு மூலைகளிலும் எழுதியிருக்கின்றன. மேல் இடது மூலையில் நீங்கள் தெரிவுசெய்த பொருளும் அதன் தூரமும். மேல் வலதில் திகதி, நேரம், நேரம் எத்தனை மடங்கில் ஓடுகிறது என்பது. கீழ் இடதில் உங்கள் வேகம். கீழ் வலதில் எதைப் பின்தொடர்கிறீர்கள் என்பது. ஏதாவது விசித்திரமாக நடந்தால் எந்த விசையையும் அழுத்தாமல் முதலில் நான்கு மூலைகளையும் வாசியுங்கள். பதில் அநேகமாக அங்கேயே இருக்கும்.

விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா

கறுத்த வட்டத்துக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் மகள் பார்த்தது சந்திரனின் இரவுப் பக்கம். நீங்கள் சூரியக் குடும்பத்துக்கு வெளியே போய்விட்டு உள்ளே திரும்பியிருக்கிறீர்கள். ஜி அழுத்தினால் நேர்கோட்டில் வந்து, வந்த பக்கத்திலேயே நிற்கும். வெளியிலிருந்து வந்தால் சூரியன் அந்தப் பொருளுக்குப் பின்னால் நிற்கும், உங்கள் முன்னால் இருப்பது நிழல். மவுஸின் வலது பட்டனைப் பிடித்தபடி இழுங்கள், சந்திரனைச் சுற்றி வருவீர்கள். விளிம்பில் முதலில் மெல்லிய பிறை தோன்றும், பிறகு பாதி, பிறகு முழுவதும் வெளிச்சமாகும்.

வலது நெளிவு அடைப்புக்குறி விசையால் இருட்டுப் பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றலாம். நான் வகுப்பில் அதைத் தொடுவதில்லை. பிள்ளைகள் தாமாகவே இழுத்துச் சுற்றி, பிறையிலிருந்து முழுநிலவு வரை ஒரே மூச்சில் பார்க்கும்போது, கரும்பலகையில் நான் வருடக்கணக்காக வட்டம் வட்டமாக வரைந்து காட்டியது அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது. அந்த இருட்டை எடுத்துவிட்டால் பாடமும் போய்விடும்.

உவர்மலைவாசி

எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கீபோர்ட்தான் பிரச்சினை. ஆங்கிலத்துக்கு மாற்றினவுடன் ஜி வேலை செய்தது. சந்திரனைச் சுற்றி வந்தோம். சேர் சொன்ன அந்தப் பிறையைப் பார்த்ததும் மகள் கதிரையிலிருந்து எழுந்தே விட்டாள்.

ஆனால் இப்போது வேறொன்று. பூமிக்கு வந்து, அங்கிருந்து வியாழனைத் தெரிவுசெய்து, 'சி' அழுத்தி நடுவுக்குக் கொண்டுவந்தோம். சாய்கோட்டு விசையால் நட்சத்திரக் கூட்டங்களின் கோடுகளையும், சமன் குறியால் பெயர்களையும் போட்டோம். செலஸ்டியா வியாழனை மீனத்துக்கும் மேடத்துக்கும் இடையில் காட்டுகிறது. டச்பேயில் நாங்கள் பார்த்தது, மிதுனத்தின் அந்த இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில். வீட்டுப் பஞ்சாங்கத்திலும் வியாழன் மிதுனம் என்றுதான் போட்டிருக்கிறது. "அம்மா, கொம்பியூட்டர் பொய் சொல்லுதா?" என்கிறாள். நான் என்ன சொல்ல?

நிலாவெளிக் காற்று

மேல் வலது மூலையில் என்ன திகதி போட்டிருக்கிறது?

உவர்மலைவாசி

2012 ஜனவரி 1.

பாலையூற்றுப் பொடியன்

பிடிபட்டது அக்கா! செலஸ்டியா திறக்கும்போது லப்டொப்பின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கோள்களை வைக்கிறது. உங்கள் லப்டொப்பின் பெரிய பற்றரி செத்துவிட்டது என்றீர்கள். உள்ளே கடிகாரத்துக்கென்று சல்லிக்காசு அளவில் ஒரு சின்னப் பற்றரி இருக்கும், அதுவும் முடிந்திருக்கிறது. வயரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் திகதி பழையபடி 2012க்குப் போய்விடும். பெரும்பாலும் சி ஆர் 2032 என்ற வகைதான், ஆனால் சில லப்டொப்களில் வயரோடு சேர்ந்து வரும். திருத்துபவரிடம் கழற்றிக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

அதுவரைக்கும் லப்டொப்பின் திகதியைக் கையால் திருத்திவிட்டுச் செலஸ்டியாவைத் திறவுங்கள். அல்லது செலஸ்டியாவுக்குள்ளேயே நேரம் என்ற மெனுவில் திகதியைப் போடலாம். ஆச்சரியக்குறி விசை 'இப்போதைய நேரத்துக்கு' கொண்டுவரும் என்று எங்காவது வாசிப்பீர்கள். லப்டொப் கடிகாரம் பிழையாக இருக்கும்வரை அது உங்களைத் திரும்ப 2012க்குத்தான் அனுப்பும்.

விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கொம்பியூட்டர் பொய் சொல்லவில்லை, 2012இன் வானத்தைச் சரியாகவே காட்டியது. வியாழன் சூரியனை ஒரு தடவை சுற்ற ஏறத்தாழ 11.86 ஆண்டுகள் எடுக்கும். இப்போது 2026. 14 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்றை முடித்து, அடுத்த சுற்றில் மேடம், இடபம் இரண்டையும் கடந்து மிதுனத்துக்கு வந்திருக்கிறது. வானத்தையும் பஞ்சாங்கத்தையும் திரையோடு ஒப்பிட்டுப் பிழை பிடித்தாளே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். நேரம் இருந்தால் 2012இலிருந்து 'எல்' விசையால் நேரத்தை முடுக்கி, வியாழன் ராசி ராசியாக நகர்வதைக் காட்டுங்கள். ஒரு தடவை எல் அழுத்தினால் 10 மடங்கு, இன்னொரு தடவை 100 மடங்கு. 'கே' குறைக்கும். 'ஜே' நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும்.

இன்னொன்று, திரையில் தெரிவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். அதே மெனுவில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம்.

நிலாவெளிக் காற்று

கரையில் நின்று பார்ப்பதற்குச் செலஸ்டியாவைவிட ஸ்டெலேரியம் வசதி. அதுவும் இலவசம். நிற்கும் இடத்துக்கு வடக்கு 8.57, கிழக்கு 81.23 என்று போட்டால் நம் வானம் அப்படியே வரும். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே, 8 அல்லது 9 பாகையில் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த அளவுதான் வரும். ஜனவரியில் இரவு 11 மணியளவில் தெற்கே பாருங்கள், 29 பாகை உயரத்தில் அகத்திய நட்சத்திரம். அதையும் திரையையும் ஒப்பிட்டால் உங்கள் கடிகாரம் சரியா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ரொக்கெட்டை உண்மையான இயற்பியலோடு ஓட்ட ஆசை வந்தால் ஓர்பிட்டர் இருக்கிறது. அதுவும் இலவசம்தான், 2021இல் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். ஆனால் தரம் 8 பிள்ளைக்கு இப்போது வேண்டாம். ஒழுக்கில், அதாவது பூமியைச் சுற்றும் பாதையில், ஏறுவதற்கே நாட்கணக்காகும், சலித்துவிடும்.

உவர்மலைவாசி

திகதியைத் திருத்தினோம். வியாழன் மிதுனத்தில்! மகள் அயலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

இப்போது அவளுக்கு மேலிருந்து திருகோணமலையைப் பார்க்க வேண்டுமாம். துறைமுகம் தெரியுமா? கிட்டப் போகப்போக இலங்கையே கலங்கலாகிறது.

பாலையூற்றுப் பொடியன்

துறைமுகம் தெரியாது அக்கா. கணக்குப் பாருங்கள்: பூமத்திய ரேகை சுமார் 40,000 கிலோமீற்றர். பூமிக்குப் போர்த்திய படம் 2,048 புள்ளி அகலமென்றால் ஒரு புள்ளிக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர். உள்துறைமுகம், உப்புவெளி, கோணேசர் மலை எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். பெரிய எழுத்து ஆர் அழுத்தினால் படத்தின் தரம் ஒரு படி கூடும். உங்கள் லப்டொப்புக்கு அதற்கு மேல் வேண்டாம்.

விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா

துறைமுகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைவிட நல்ல காட்சி ஒன்று இருக்கிறது. வழிசெலுத்தல் மெனுவில் ஒரு பொருளுக்குப் போகும் பெட்டியைத் திறந்து, பூமியின் பெயர், அகலக்கோடு 0, நெடுங்கோடு கிழக்கு 81.23, தூரம் 35,786 கிலோமீற்றர் என்று கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் 'வை' விசையை அழுத்துங்கள். பூமி சுழலும் வேகத்திலேயே நீங்களும் சுழல்வீர்கள், இலங்கை கண்ணுக்கு முன்னால் அசையாமல் நிற்கும்.

வீட்டுக் கூரைகளில் டிஷ் அன்டெனாக்கள் திருப்பி வைத்திருப்பது இந்த உயரத்தில் நிற்கும் செய்மதிகளை நோக்கித்தான். அவை பூமியோடு சேர்ந்து சுற்றுவதால்தான் டிஷ்ஷை அசைக்காமல் ஒரே பக்கம் பார்த்து வைக்க முடிகிறது. இந்த ஒழுக்கிலிருந்து உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அதே மனிதர் 1956இல் நம் கோணேசர் மலையடியில் சுழியோடி, கடலுக்குள் கிடந்த பழைய கோயிலின் எச்சங்களைப் பார்த்தார். மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவள் நின்ற கரையிலிருந்து அந்த இடம் தெரியும்.

வை அழுத்தியபின், எல் விசையை மூன்று தடவை அழுத்தி நேரத்தை 1,000 மடங்காக்குங்கள். ஒரு நாள் 86 வினாடியில் ஓடும்.

உவர்மலைவாசி

சேர், இப்போதுதான் செய்து முடித்தோம். விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் (அம்மம்மாவும் வந்துவிட்டார்) திரைக்கு முன்னால் இருந்தோம். தீவு அசையாமல் நிற்க, வலப்பக்கமிருந்து வெளிச்சம் வங்காள விரிகுடாவில் ஊர்ந்து வந்தது. முதலில் நம் கிழக்குக் கரை வெளுத்தது, அடுத்த கணம் முழுத் தீவும். மகள் சத்தமாக எண்ணினாள். 86 வந்தபோது வெளிச்சம் முதல் நின்ற இடத்துக்கே வந்து நின்றது. அம்மம்மா மறுபடி ஓட்டச் சொன்னார். ஐந்து நாள் ஓட்டினோம்.

கடைசியாக ஒன்று. மவுஸின் வலது பட்டன் ஒட்டிக்கொள்கிறது. பட்டன் இல்லாமல் கோளைச் சுற்ற வழியுண்டா?

பாலையூற்றுப் பொடியன்

இருக்கிறது அக்கா. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசைகளை அழுத்துங்கள். சனிக்குப் போய் அதைச் செய்து பாருங்கள், வளையம் சாய்ந்து சாய்ந்து கோடாகிப் போகும்.