பார்ட்டி கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டியவை: டிசைன் வேலையில் ஏஐ

வேலை கொடுக்கும் பார்ட்டியிடம் ஏஐ பற்றி என்னென்ன சொல்லிவிட வேண்டும் என்று டிசைன் தொழிலில் இருக்கும் ஆறு பேர் இங்கே பேசுகிறார்கள்.

புத்தக அட்டை வடிவமைப்பு, சென்னை

அட்டை வேலையில் ஏஐ தகராறு கிளம்புவது பெரும்பாலும் புத்தகம் அச்சாகி வந்தபின், "ஓவியர் யாருங்க?" என்று யாராவது கேட்கும்போதுதான். உள்பக்கத்தில் ‘அட்டை ஓவியம்’ என்று ஒரு பெயர் போயிருக்கும். வரைந்தவரே இல்லாத படத்துக்கு அந்தச் சொல் பொய். ‘அட்டை வடிவமைப்பு’ என்று பெயரைப் போட்டு, கீழே ‘பின்னணிப் படம் ஏஐ கருவியில் உருவாக்கியது’ என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

இதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்: எந்தப் பகுதி (பின்னணியா, முகமா, முழுப் படமா), எந்தக் கருவி, இலவசக் கணக்கா கட்டணக் கணக்கா, எந்தத் தேதி. தேதி எதற்கென்றால், கருவிகளின் விதிமுறை மாறிக்கொண்டே இருக்கும். படத்தை உருவாக்கிய அன்று இருந்த விதிமுறைப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து லேயர் ஃபைலோடு வையுங்கள். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் மின்னூல் ஏற்றும்போதும் ஏஐ உண்டா என்ற கேள்வி 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. அட்டைப் படமும் அதில் சேர்த்தி. நீங்கள் சொல்லாமல் விட்டால் எழுத்தாளர் அங்கே தெரியாமலேயே தவறான பதிலைக் கொடுப்பார்.

வெளிவராத நாவலின் அத்தியாயத்தை அப்படியே சாட்டில் ஒட்டி அட்டைக்கு யோசனை கேட்பது தனிப் பிரச்சினை. உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் செட்டிங் பல கருவிகளில் தானாகவே ஆனில் இருக்கும். எழுத்தாளரிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள்.

ஒப்பந்த வேலை பார்ப்பவர், மதுரை

‘அட்டையின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கே’ என்ற வழக்கமான வரியை ஏஐ படத்துக்கும் போட்டுக் கையெழுத்திடுவது, பட்டா இல்லாத மனையை விற்பது மாதிரி. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. அது 1994 திருத்தத்தில் வந்தது. பிராம்ப்ட் (ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை) எழுதியவரை அப்படிக் கொள்ளலாமா என்பது இன்னும் தீராத வாதம். அமெரிக்காவில் 2023 பிப்ரவரியில் ‘ஜார்யா ஆஃப் தி டான்’ படக்கதைக்கு, எழுத்தும் அமைப்பும்தான் பதிவுக்கு உரியவை, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியின் படங்கள் அல்ல என்று பதிப்புரிமை அலுவலகம் சொல்லிவிட்டது.

ஆகவே ஒப்பந்தத்தைப் பிரியுங்கள். கையால் வரைந்த தலைப்பெழுத்து, அமைப்பு, நீங்கள் வரைந்து சேர்த்த பகுதி: இவற்றின் உரிமையை எழுதிக்கொடுக்கலாம். ஏஐ படத்துக்கு, கருவியின் விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பயன்பாடு மட்டும். அதே 1957 சட்டத்தின் பிரிவு 19 எல்லோரும் கோட்டை விடும் இடம்: உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூர், கனடா பதிப்பு போடுகிறவர்கள் கவனியுங்கள்.

பிரிபிரஸ் (அச்சுக்கு முந்தைய ஃபைல் வேலை), சிவகாசி

நம்ம பக்கத்துப் பிரச்சினை வேறு சார். டெமி அளவுப் புத்தக அட்டையின் முன்பக்கம் 5.5 × 8.5 அங்குலம். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டுமானால் 1650 × 2550 பிக்சல், பிளீட் (வெட்டுக்காக விடும் கூடுதல் ஓரம்) 3 மி.மீ. தனி. ஏஐ கொடுத்தது 1024 × 1536 என்றால் அந்த அளவில் சுமார் 180 பிபிஐதான். அதைக் கருவியில் அப்ஸ்கேல் செய்து (பெரிதாக்கி) "300 இருக்கு" என்று அனுப்புகிறார்கள். ஃபைலும் 300 என்றே காட்டும். ஆனால் கூடுதலாக வந்த விவரம் கருவி புனைந்தது. பாட்டி கன்னத்துச் சுருக்கம் மீன் செதிலாகும். சிக்குக் கோலத்தின் கோடு புள்ளியைச் சுற்றாமல் பாதியில் அறுந்து நிற்கும். போன் திரையில் பிரூஃப் பார்க்கும் பார்ட்டிக்கு இது தெரியவே தெரியாது. முகம், கை, எழுத்து மூன்றையும் அச்சு அளவில் வெட்டித் தனியாக அனுப்பி ஓகே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் ஏஐ படம் என்று ஃபைலுக்குள்ளேயே சொல்லும் மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும்.

படத்துக்குள் ஏஐ எழுதிய தமிழ் இருந்தால் அழித்துவிட்டு ஃபாண்டில் அடியுங்கள். பெரிய தலைப்பை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னணியில் டீக்கடை போர்டிலும் பஸ் பலகையிலும் இருக்கும் பொடி எழுத்துதான் தப்பித்து அச்சுக்குப் போகும்: புள்ளி இருக்காது, ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்கள் அடித்த எழுத்திலும் கொம்பு இடம் மாறும். அந்தப் பழியை ஏஐ மேல் போடாதீர்கள்!

3டி ரெண்டரிங், கோயம்புத்தூர்

புத்தக அட்டையில் தப்பு வந்தால் மனக்கசப்போடு போய்விடும். ஃபிளாட் புரோஷரில் வந்தால் வழக்கு. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் பிரிவு 12 படி, விளம்பரத்திலோ புரோஷரிலோ இருந்த பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் ஈடு தர வேண்டும். ஓரத்தில் பொடியாக ‘கற்பனைத் தோற்றம்’ என்று போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

3டி மாடலிலிருந்து எடுத்த ரெண்டரை (கட்டடப் படத்தை) ஏஐயில் மெருகேற்றும்போது, படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் ஸ்ட்ரென்த் அளவு 0.3ஐத் தாண்டினாலே கட்டடம் நகர ஆரம்பிக்கும். 4 அடி பால்கனி 6 அடி போலத் தெரியும், தூண் ஒன்று குறையும், பக்கத்து வீட்டுச் சுவரும் ஈபி கம்பியும் மறைந்து அங்கே தோட்டம் முளைக்கும். கட்டடத்தை முழுக்க மாஸ்க் செய்துவிட்டு (கருவி தொடாதபடி மறைத்துவிட்டு) வானம், செடி, ஆட்கள் மட்டும் ஏஐயிடம் விடுங்கள். முடிந்ததும் பழைய ரெண்டரை மேல் லேயராக வைத்து பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் ஆக்குங்கள்; இரண்டு படமும் வேறுபடும் இடம் மட்டும் தெரியும். கட்டடப் பகுதி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிகிற இடமெல்லாம் கருவி கைவைத்த இடம். மரமும் அப்படித்தான்: சாவி கொடுக்கும் நாளில் நாற்று உயரத்தில் இருக்கப்போவதைத் தூங்குமூஞ்சி மர நிழலாகக் காட்டாதீர்கள்.

இல்லஸ்ட்ரேட்டர், திருச்சி

பிராம்ப்டில் உயிரோடிருக்கும் ஓவியரின் பெயரைப் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, சரி. அவர் கோடுதான் வேண்டுமென்றால் முதலில் அவரிடமே ரேட் கேளுங்கள். கட்டுப்படியாகவில்லையா, பெயரை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்லுங்கள்: நிப் பேனா, கறுப்பு இங்க், குறுக்குக்கோட்டு நிழல், சொரசொரப்பான தாள்.

ஏஐ படத்தைக் கொடுத்து "கொஞ்சம் கரெக்‌ஷன் மட்டும்" என்று கால்வாசி ரேட்டுக்குக் கேட்கிறார்கள். வீணையைச் சரிசெய்வது கரெக்‌ஷன் ஆகாது. 24 மெட்டு (தண்டின் குறுக்கே உள்ள உலோகத் துண்டுகள்), மீட்டும் தந்தி 4, தாளத் தந்தி 3, அதற்கேற்ற பிரடைகள் (தந்தியை முறுக்கும் முளைகள்), பிறகு வாசிப்பவர் விரல் விழும் இடம். எல்லாம் புதிதாக வரைய வேண்டியதுதான். முழு ரேட் சொல்லுங்கள்.

லோகோ, ஈரோடு

லோகோவுக்கு ஏஐ எடுத்தால் டிரேடு மார்க் தளத்தில் பெயரை மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். உருவத்துக்கு வியன்னா கோடு (லோகோ உருவங்களை வகைப்படுத்தும் எண்) வழியாகத் தேடல் இருக்கிறது, இலவசம். டிரேடு மார்க் பதிவுக்கு, ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) ஆன்லைன் கட்டணமே தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஆட்சேபம் வந்தால் வீணாவது பார்ட்டியின் பணம்.

புத்தக அட்டை வடிவமைப்பு, சென்னை

ரேட்டைக் குறைக்கணுமா என்று தனியாகக் கேட்டவருக்கு: இன்வாய்ஸில் மூன்று வரியாகப் பிரித்துப் போடுங்கள். படம் தயாரிப்பு, திருத்தமும் வரைவும், அச்சு ஃபைல். ஏஐயால் குறைவது முதல் வரி மட்டும். இரண்டாவது பல நேரம் கூடும்.