ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நாம் ஆடியதும் நடித்ததும்

சாத்தூர் டீச்சர்

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா 2022-23இல் தொடங்கியபோது ஆறாம் வகுப்பிலிருந்துதான் போட்டி. தொடக்கப்பள்ளிக்காரர்கள் நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். 2024-25இல் ஒன்றாம் வகுப்பு வரைக்கும் இறக்கிவிட்டார்கள். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. போட்டி அறிவிப்பு வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு காதில் ஏறாது.

பேச்சு, ஒப்புவித்தல், மாறுவேடம் எல்லாம் எங்கேயும் நடப்பதுதான். நான் சொல்ல வந்தது களிமண்ணைப் பற்றி. கண்மாயில் எந்த இடத்து மண் ஒட்டும், எது காய்ந்தால் வெடிக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி. கொண்டுவந்த மண்ணில் இருக்கும் வேர், கல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைவார்கள். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் உருவம் உட்கார்ந்துவிடும். வெயிலில் வைத்தால் விரிசல், நிழலில் வைத்தால் போட்டி முடிவதற்குள் காயாது. இந்தக் கணக்கையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை. வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வதற்கே யோசிப்பவள். அவள் ஓர் ஆட்டுக்கல் செய்தாள். குழவி தனியாக எடுத்து மாட்டுவது மாதிரி, குழியில் வைத்துச் சுற்றினால் சுற்றும். அந்த வருஷம் தலைப்பு சுற்றுச்சூழல். நடுவராக வந்தவர், “இதுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டார். தலையைத் தூக்காமலே பதில் வந்தது: “கரண்டு வேண்டாம்ல சார்.”

வட்டாரத்தில் பரிசு கிடைக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் பெரிய மயில் செய்து வண்ணமெல்லாம் அடித்திருந்தார்கள். பரவாயில்லை, ஆட்டுக்கல் என் மேசை மேல் இருக்கிறது. நீங்கள் எல்லாம் ஐந்தாம் வகுப்புக்குள் என்ன செய்தீர்கள், எழுதுங்களேன்.

ஓரமா நின்னவன்

நான் மரம். ஒன்றாம் வகுப்பில் புளியமரம், இரண்டாம் வகுப்பில் ஆலமரம். பதவி உயர்வு என்று வீட்டில் கேலி செய்வார்கள். இரண்டு கையிலும் வேப்பங்கொத்து. ஆலமரத்துக்கு எதற்கு வேப்பங்கொத்து என்று யாரும் கேட்கவில்லை. அதில் இருந்த கட்டெறும்பு சட்டைக்குள் போனதுதான் அன்றைக்கு மேடையில் நடந்த ஒரே உண்மையான நடிப்பு.

பொதிகைக் காற்று

டீச்சர், எங்கள் ஊர்ப் பள்ளியில் பின்னல் கோலாட்டம் ஆடினோம். சாதாரணக் கோலாட்டம் எல்லா ஊரிலும் உண்டு, இது அவ்வளவாக இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து வேப்பமரக் கிளையில் சைக்கிள் ரிம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் எங்கள் சார். அதிலிருந்து கலர் கலராகக் கயிறுகள். கயிறு என்றால் கயிறில்லை, பழைய சேலைகளைக் கிழித்துத் தைத்த நாடா. ஆளுக்கு ஒரு நாடா இடக்கையில், கோல் வலக்கையில். ஆட்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். பாதிப் பேர் வலப்பக்கமாகச் சுற்றுவார்கள், பாதிப் பேர் இடப்பக்கமாக. ஒரு பாதி எதிரே வருகிறவனை முதலில் உள்பக்கமாகக் கடக்க வேண்டும், அடுத்தவனை வெளிப்பக்கமாக. மறு பாதிக்கு அப்படியே தலைகீழ். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அவ்வளவுதான் பாடம். ஆட ஆட, மேலே சடை தானாக விழுந்துகொண்டே வரும். நாடா குறையக் குறைய வட்டமும் சுருங்கி எல்லாரும் நெருங்கிவிடுவோம்.

பின்னுவது பெரிய காரியமில்லை. அவிழ்ப்பதுதான் வித்தை. பாட்டு நிற்காமல் அப்படியே திரும்பி, கடைசியாக யாரைக் கடந்தோமோ அவனையே முதலில் கடந்து, வந்த வழியே போக வேண்டும். எவனாவது ஒருத்தன் ஒரு தடவை உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனால் போச்சு. மேலே முடிச்சு விழும். யார் விட்டது என்று கீழே இருந்து பார்த்தாலே தெரியும், அவன் நாடாவின் நிறம் சடைக்குள் தப்பான இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். சார் பிரம்பைத் தொட்டதே இல்லை, மேலே கையைக் காட்டுவார். பிரம்பே தேவலை.

ஆண்டு விழா அன்றைக்கு முடிச்சு விழத்தான் செய்தது. பச்சை நாடாக்காரன் கூட்டத்தில் தன் ஆச்சியைப் பார்த்துவிட்டான். நாங்கள் பாதியில் நின்று முழித்தோம். ஆர்மோனியம் வாசித்தவர் நிறுத்தவில்லை, அதே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். சார் மேடைக்கு ஏறி வந்து, ‘நீ ரெண்டடி பின்னால வா, நீ குனி, நீ அவனுக்கு அந்தப் பக்கம் போ’ என்று எல்லார் முன்னாலும் அவிழ்க்க வைத்தார். கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. எங்கள் ஊரில் அந்த விழாவைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அந்த முடிச்சைத்தான் பேசுவார்கள்.

ரெண்டு பிள்ளைக்காரி

படிக்க ஆசையாக இருக்கிறது அண்ணே. என் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் நடப்பதையும் கேளுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும்.

ஆண்டு விழா என்றால் வெளியிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வருவார். சினிமாப் பாட்டு. வாடகை டிரெஸ்ஸுக்குத் தனியாகப் பணம். டிரெஸ் முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும், அளவு எதுவும் சரியாக இருக்காது, முதுகு முழுக்க ஊக்கு. நெட் துணி உறுத்தி என் பெண்ணுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. சிவப்பாக, உயரமாக இருக்கும் பிள்ளைகள் முதல் வரிசை. என் பெண் கடைசி வரிசையில் தெர்மகோல் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடியோவில் பூ மட்டும் தெரிகிறது.

அதைவிட எனக்கு ஆத்திரம் நாடகத்தைப் பார்த்துத்தான். வசனம் முழுக்க முன்னாலேயே ஒலிப்பதிவு செய்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். கட்டபொம்மனாக வந்த பையனுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. நேரில் பேசியிருந்தால் ‘வரி, வட்டி’ என்று காற்றோடு வந்திருக்கும், எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் ஸ்பீக்கரில் யாரோ பெரிய ஆளின் குரல் கர்ஜித்தது. பையன் வாயசைப்பை விட்டுவிட்டுச் சும்மா நின்றான், கர்ஜனை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் படித்தது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அங்கே திரைக்குப் பின்னால் நாலாம் வகுப்பு டீச்சர் நோட்டை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுப்பார். மைக் அவர் குரலைத்தான் முதலில் பிடிக்கும். “மந்திரியாரே, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்பது இரண்டு தடவை கேட்கும், ஒரு தடவை டீச்சர் குரலில், ஒரு தடவை ராஜா குரலில். பாரதியாருக்கு கோட்டு தபால்காரரிடம் வாங்கியது, முழங்காலைத் தாண்டித் தொங்கும். வள்ளுவர் தாடி பஞ்சு, வியர்வையில் பாதி குறளிலேயே இறங்கிவிடும். ஆனால் பேசியது எல்லாம் நாங்கள்.

மாஸ்டர்

அக்கா, நீங்கள் திட்டுவது என்னைத்தான், நான் அந்த டான்ஸ் மாஸ்டர். உங்கள் பள்ளியில் இல்லை, வேறு பள்ளிகளில்.

டிரெஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வாடகைக் கடைக்காரர்கள் ஒரே செட்டை ஒரே வாரத்தில் பல பள்ளிக்குச் சுற்றவிடுவார்கள், துவைக்க ஏது நேரம். உள்ளே பருத்தி பனியன் போட்டு அனுப்புங்கள் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். முன்வரிசை விஷயத்தில் மட்டும் எல்லா மாஸ்டரையும் ஒரே தராசில் போடாதீர்கள். நான் பல்லவிக்கு ஒரு வரிசை, முதல் சரணத்துக்கு அடுத்த வரிசை என்று மாற்றிவிடுவேன். பெற்றோர் அப்போதும் சண்டைக்கு வருகிறார்கள், ‘என் பையன் முன்னால் வந்தபோது நான் போன் எடுக்கவில்லை’ என்று.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிச் சொன்னால் ஏறவே ஏறாது. அடிக்கு அடி பெயர் வைக்க வேண்டும். ‘தோசை ஊத்து’, ‘பஸ்ஸை நிறுத்து’, ‘கொடியில துணி போடு’. ‘தோசை ஊத்து, திருப்பு, தட்டுல போடு’ என்றால் எல்லாக் கையும் ஒன்றாகச் சுற்றும். மேடையில் ஒரு பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடினான், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர் வரைக்கும் தோசை கேட்டது.

வசனத்தை ஒலிப்பதிவு செய்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் பெரிய கல்யாண மண்டபத்தில் இரண்டே மைக் கொடுத்துவிட்டு, பிள்ளை பேசுவது கடைசி நாற்காலிவரை கேட்கவில்லை என்று நிர்வாகம் மாஸ்டரைத்தான் கேட்கும்.

ரெண்டு பிள்ளைக்காரி

சரி தம்பி, உங்களைத் திட்டவில்லை. தோசை நன்றாக இருக்கிறது. மைக் குறைவு என்றால் மண்டபத்தைச் சின்னதாக எடுக்கட்டும், பிள்ளையின் குரலை ஏன் எடுக்க வேண்டும்? அதில் நான் மாறமாட்டேன்.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு. எங்களுக்கு ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். நவராத்திரிக்கு வாணி விழா, மார்கழியில் கிறிஸ்மசுக்கு ஒளி விழா, இடையில் தமிழ்த்தினப் போட்டி. பாவோதல் (செய்யுளை ஓசையோடு சொல்வது), கதை கூறல் என்று சின்ன வகுப்புக்காரருக்கும் பிரிவு உண்டு. பாடசாலையில் வென்றால் கோட்டம், பிறகு வலயம், பிறகு மாகாணம். நான் பாவோதலில் கோட்டத்தோடு திரும்பி வந்தவன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது கூத்து. எங்கள் ஊரில் பெரியவர்கள் ஆடுகிற கூத்தை அண்ணாவியார்தான் பழக்குவார். சட்டம் கொடுத்தல் (ஆடுபவருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டுப் பிரதியைக் கொடுப்பது), சதங்கை அணிதல், பிறகு அரங்கேற்றம் என்று அது மாதக்கணக்கில் இழுபடும் வேலை. நாலாம் தரத்தில் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சரின் தகப்பன் ஓர் அண்ணாவியார். ரீச்சர் அவரைப் பாடசாலைக்குக் கூட்டி வந்து, சின்னதாக ஒரு வடமோடித் துண்டை (வடமோடி எங்கள் கூத்தில் ஒரு வகை) எங்களுக்குப் பழக்கினார். மனுசன் வந்த முதல் நாள் எங்களை ஆடவே விடவில்லை. மத்தளத்தில் தாளக்கட்டைத் தட்டி, அதை வாயால் சொல்ல வைத்தார். வாய் பிழைத்தால் கால் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. அண்ணாவியாரும் தோசைக்காரத் தம்பியும் ஒரே பள்ளிதான் போல.

வடமோடியில் அரசனுக்குக் கரப்புடுப்பு, வளையம் கட்டிப் பரந்து நிற்கிற பாரமான உடுப்பு. பெரியவர்களே அதைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடி முடிப்பதற்குள் களைத்துப் போவார்கள். எங்களுக்கு ரீச்சர் பிரம்பு வளையத்தில் அம்மாமாரின் சேலையைச் சுற்றித் தைத்துத் தந்தார். நான் அரசன். வரவு ஆட்டத்தில், அதாவது அரசன் சபைக்கு வரும்போது ஆடுகிற ஆட்டத்தில், வேகமாகச் சுழன்றபோது வளையம் அவிழ்ந்து சேலை தரைக்கு வந்துவிட்டது. உள்ளே நீலக் காற்சட்டை. சபை சிரித்தது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமல், தலையை மட்டும் ஆட்டினார், ஆடு என்று. ஆடினேன்.

அடுத்த வருசம் ஐந்தாம் தரம். புலமைப்பரிசில் பரீட்சை, உங்கள் ஊர்ப் பேச்சில் கல்வி உதவித்தொகைத் தேர்வு. சங்கீதப் பாடவேளை, சித்திரப் பாடவேளை எல்லாம் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருசம் முழுக்கப் புள்ளியைத் தவிர வேறு பேச்சில்லை. என் மகளுக்கும் இப்போது அதேதான் நடக்கிறது. களிமண்ணுக்கே மாவட்டம் வரைக்கும் போட்டி வைத்தால், தமிழ்நாட்டிலும் பெற்றோர் அதற்கு டியூசன் தேடத் தொடங்குவார்கள், பாருங்கள் ரீச்சர்.

சாத்தூர் டீச்சர்

வாவிக்கரை ஐயா சொன்ன பயம் எனக்கும் உண்டு. ஏற்கனவே தொடங்கிவிட்டது. மாறுவேடப் போட்டிக்கு மதுரையிலிருந்து வாடகை உடை எடுத்துவந்த பெற்றோரைப் பார்த்தேன். பக்கத்தில் எங்கள் பையன் தென்னை ஓலையையும் உரச் சாக்கையும் கட்டிக்கொண்டு விவசாயியாக நின்றான். மதிப்பெண் தாளில் ‘உடை அலங்காரம்’ என்று தனியாக ஒரு கட்டம் வைத்தால் பணம் இருப்பவர் பக்கம்தானே சாயும்?

அதனால் போட்டிக்கு ஒரு பக்கம் அனுப்பினாலும், எங்கள் ஆண்டு விழாவில் வாங்கிய பொருள் எதுவும் மேடை ஏறக் கூடாது என்று நானும் தலைமை ஆசிரியரும் முடிவு செய்துவிட்டோம். கிரீடம் பழைய காலண்டர் அட்டை. ஒட்டுவதற்கு மைதா பசை. பசையில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்பார்கள், அது விஷம், சின்னப் பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும். திரைச்சீலையில் பூ வேண்டுமென்றால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு அச்சு வைத்துவிடுவோம். ஒன்றாம் வகுப்புக்காரர்கள் ஒரு மதியத்தில் முடித்துவிடுவார்கள், திரைச்சீலையோடு அவர்கள் சட்டையும் சேர்த்து.

பொதிகை அண்ணே, பின்னல் கோலாட்டம் இந்த வருஷம் முயற்சி செய்யலாமா? எங்களிடம் நாலு, ஐந்தாம் வகுப்பு சேர்த்தே ஒன்பது பேர்தான். மரம் இருக்கிறது. நாடா எவ்வளவு நீளம் வேண்டும்?

பொதிகைக் காற்று

தாராளமாகச் செய்யலாம் டீச்சர். எட்டுப் பேரை ஆட விடுங்கள். ஒன்பதாவது ஆள் நடுவில் நின்று பாட்டு எடுத்துக்கொடுக்கட்டும், இல்லையென்றால் ஆர்மோனியத்துக்குப் பதில் தட்டு தட்டட்டும். அந்த ஆளையும் எல்லா நாடாவிலும் பழக்கி வையுங்கள், விழா அன்று யாருக்காவது காய்ச்சல் வரும்.

நாடா, ரிம் தொங்கும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். நைலான் வேண்டாம், வழுக்கும். பருத்திச் சேலைதான் சரி. முதல் வாரம் நாடாவே கட்டாதீர்கள், வெறும் கையோடு உள்ளே வெளியே நடக்க மட்டும் விடுங்கள். தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் விட்டு ஒருவராக நாலு பேருக்கு ஒரே நிறம், மற்ற நாலு பேருக்கு வேறு நிறம் கொடுங்கள், அதே நிறம்தான் ஒரே பக்கமாகச் சுற்றும். திசை மாறினால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓரமா நின்னவன்

டீச்சர், மரம் இருக்கிறது என்கிறீர்கள். நிஜ மரம்தானே?